அப்பாவின் வேலை மாறும்போது பிள்ளையின் வகுப்பறை

(எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் நடந்த குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு வந்து வேலைகளை மாற்றுகிறது, தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி தேவைப்படுகிறது, இதைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். முதலில் தயங்கினேன். மறுபயிற்சி என்பது வளர்ந்தவர்களுக்கு உரிய செய்தி. நீங்கள் ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளோடு இருப்பவர்கள். உங்களிடம் இதை ஏன் பேச வேண்டும்?

வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது தயக்கம் போய்விட்டது. முப்பது ஆண்டுகள் பயிற்சிப் பட்டறையில் நின்றவன் நான். என்னிடம் வந்து புதிய தொழிலைக் கற்றுக்கொண்டு போனவர்கள் உண்டு. வந்து, கற்க முடியாமல் திரும்பியவர்களும் உண்டு. இந்த இரண்டு பேரையும் பிரித்தது என் பட்டறையில் இருந்த லேத்தோ வெல்டிங் இயந்திரமோ அல்ல. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதுதான் பிரித்தது. ஆகவே மறுபயிற்சியைப் பற்றிப் பேச வேண்டிய முதல் கூட்டம் உங்கள் கூட்டம்தான் என்று முடிவு செய்தேன்.

ஆணியில் தொங்கிய கொக்கி

என் அப்பா ஹார்பரில் கேங்க் ஆள். கப்பலின் உள்ளறையில் இறங்கி, கோதுமை மூட்டை, உர மூட்டைகளைத் தூக்கிச் சங்கிலிக் கட்டில் அடுக்குவது அவர் வேலை. மூட்டையைக் குத்தி இழுக்க ஓர் இரும்புக் கொக்கி வைத்திருப்பார். வேலை முடிந்து வந்ததும் அதை வாசல் ஆணியில் மாட்டுவார். கொக்கி ஆணியில் இருந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் காலம் அன்று தொடங்கியது. அந்த அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே ஒரு முனையம் திறக்கப்பட்டது. 2001-இல் அந்த முனையம் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியார் நிறுவனத்திடம் போனது. ஒரு கேங்க் முழுவதும் நாள் கணக்கில் இறக்கிய சரக்கை, ஒரு கிரேனும் அதை ஓட்டும் ஒருவரும் சில மணி நேரத்தில் இறக்கினார்கள்.

அப்பா விருப்ப ஓய்வில் வந்துவிட்டார். கைக்கு ஒரு தொகை வந்தது. அது அக்காவின் திருமணத்துக்கும் கடனுக்கும் போனது. அதன் பிறகு கொக்கி எப்போதும் ஆணியிலேயே இருந்தது.

இன்றைக்கும் என்னை உறுத்துவது பணம் போனதல்ல. வேலையிலிருந்து வெளியே வந்த அந்த மனிதரிடம் ஒருவர்கூட, "உங்களுக்கு வேறு என்ன தெரியும்?" என்று கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவோ தெரியும். கடல் கொந்தளித்தாலும் சரக்கு சரியாமல் இருக்க எதை அடியில் வைப்பது, எதை ஓரத்தில் வைப்பது என்று தெரியும். தூக்கும்போது எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்வார். கிரேன்காரருக்குக் கையசைவில் சைகை காட்டத் தெரியும். புதிய கிரேனுக்கும் இந்த அறிவு தேவைதான். ஆனால் அதைச் சொல்ல அவரிடம் ஒரு தாளும் இல்லை. படிவத்தை நிரப்ப அவருக்குத் தெரியாது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

இந்தக் கரை பார்த்த மாற்றங்கள்

நம் பிள்ளைகளின் வீடுகளில் இப்படிப்பட்ட கதை ஒன்றல்ல, பல உண்டு. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது, நகரில் தூசி படிகிறது என்ற வழக்கால் 2011-இல் நின்றது. நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் வந்தது. 1970-களில் கட்டப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. அதே சமயம் 1948-இல் எண்ணூரில் தொடங்கிய வாகனத் தொழிற்சாலையும், 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எத்தனையோ முறை தங்கள் இயந்திரங்களை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன.

ஆக, வேலை மாறுவது நம் ஊருக்குப் புதிதல்ல. சில வேலை இயந்திரத்தால் போனது. சில வேலை நீதிமன்றத் தீர்ப்பால் இடம் மாறியது. சில வேலை முதலாளி கடையை மூடியதால் போனது. காரணம் எதுவானாலும், வீட்டுக்கு வந்து நின்ற கேள்வி ஒன்றுதான்: "இனி என்ன செய்வது?"

இதில் நான் மறக்கக் கூடாத இன்னொரு கதையும் உண்டு. இந்தக் குப்பத்து மீனவர்கள் கட்டுமரத்திலிருந்து ஃபைபர் படகுக்கு மாறினார்கள். துடுப்பிலிருந்து மோட்டாருக்கு மாறினார்கள். நட்சத்திரமும் நீரோட்டமும் பார்த்துப் போனவர்கள் ஜி.பி.எஸ். கருவியைக் கையில் எடுத்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைக் கணித்து அனுப்புகிறது. அதையும் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் அவர்கள் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்? ஒரு படகில் ஒருவர் கற்றார். அடுத்த படகுக்குச் சொன்னார். கூடவே, கருவி சொல்வதையும் கடல் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்து, எதை எப்போது நம்புவது என்றும் கற்றுக்கொண்டார்கள்.

"எங்க ஆளுங்களுக்குப் புதுசு ஏறாது" என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்தக் கடற்கரையைக் காட்டுங்கள். ஏறும். எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது மாறுவது எது?

முந்தைய மாற்றம் தோளின் வேலையை எடுத்துக்கொண்டது. இப்போதைய மாற்றம் கண்ணின் வேலையையும் எழுதும் கையின் வேலையையும் தொடுகிறது.

அந்தக் காலத்து ஹார்பரில் டேலி கிளார்க் என்று ஒருவர் இருப்பார். இறங்கும் ஒவ்வொரு சரக்கையும் எண்ணிக் குறித்துக்கொள்வார். எங்கள் தெருவில் அவருக்குத் தனி மரியாதை, ஏனென்றால் அவர் பேனா வைத்திருந்தவர். இன்று உலகின் பெரிய துறைமுகங்களின் வாயிலில் கேமராக்கள் நிற்கின்றன. லாரி நகர்ந்துகொண்டிருக்கும்போதே கன்டெய்னரின் எண்ணைப் படித்துக் கணினிக்குச் சொல்லிவிடுகின்றன. எந்தப் பெட்டியை எந்த இடத்தில் அடுக்கினால் பிறகு எடுப்பது சுலபம் என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது.

மண்ணடியில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் சுங்க முகவர் அலுவலகங்கள் வரிசையாக இருக்கும. நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் அங்கே விலைப்பட்டியலைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலையில் இருக்கிறார்கள். தாளைப் பார்த்துத் தானே படித்து நிரப்பும் மென்பொருள் வந்துவிட்டது. தொழிற்சாலைகளில் வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா, பெயின்ட் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேமரா பார்க்கிறது.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது 3, இது 8 என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள். பழகிய கருவி, புதிய படத்தைப் பார்த்ததும் "இது 8 ஆக இருக்கலாம்" என்று ஓர் ஊகம் சொல்கிறது. பெட்டியில் துரு ஏறியிருந்தால், சேறு அடித்திருந்தால், மழை பெய்தால் ஊகம் தடுமாறும். அப்போது ஒரு மனிதரின் திரைக்கு அந்தப் படம் வரும். அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதாவது, வேலை முழுவதும் மறைந்துவிடவில்லை. சுலபமான தொண்ணூறை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், சிக்கலான பத்து மனிதரிடம் வருகிறது. முன்பு நூறு பேர் செய்ததைப் பத்துப் பேர் செய்யும் நிலையும் வரும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்க என்ன வேண்டும்? இயந்திரம் சொன்னதைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும். "இது தப்பு" என்று சொல்லும் துணிவு வேண்டும். அதற்குக் காரணம் காட்டத் தெரிய வேண்டும்.

ஒரு பெட்டியின் எண்

இதை நான் சொல்லிக்கொண்டே போனால் பிரசங்கமாகிவிடும். கரும்பலகைக்கு வருகிறேன்.

நம் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களைப் பாருங்கள். ஒவ்வொரு கன்டெய்னரிலும் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். உலகம் முழுவதும் இதுதான் விதி.

எடுத்துக்காட்டாக, சி, எஸ், கியூ, யு, பிறகு 305438, கட்டத்தில் 3.

முதலில் எழுத்துகளை எண்களாக மாற்ற வேண்டும். ஏ என்றால் 10, பி என்றால் 12, சி என்றால் 13 என்று போகும். 11, 22, 33 ஆகிய 11-இன் மடங்குகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, கியூ 28, யு 32. இப்போது நம்மிடம் பத்து எண்கள்: 13, 30, 28, 32, 3, 0, 5, 4, 3, 8.

இவற்றை வரிசையாக 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். கிடைப்பவை 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. இதை 11-ஆல் வகுத்தால் 562 முறை போய், 3 மீதி. கட்டத்தில் இருப்பதும் 3. எண் சரி. மீதி 10 வந்தால் 0 என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு தவறு செய்து பார்ப்போம். துருவினால் 5 என்பதை 6 என்று கேமரா படித்துவிட்டது. கூட்டுத்தொகை 6249 ஆகும். மீதி 1. கட்டத்தில் இருக்கும் 3-உடன் பொருந்தவில்லை, தவறு பிடிபட்டது. 54 என்பதை அவசரத்தில் 45 என்று இடம் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 6249 ஆகி, மீதி 1 வந்து மாட்டிக்கொள்ளும்.

இதில் என்ன பாடம் இருக்கிறது என்று பாருங்கள். இரட்டித்துக்கொண்டே போவது தொடக்கப் பள்ளிக் கணக்கு. மீதி காண்பது ஐந்தாம் வகுப்புக்குள் முடிந்துவிடும். அதே மீதியைத்தான் பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்று நடத்துகிறோம். "சார், இது எதுக்கு?" என்று பிள்ளை கேட்டால், சன்னலுக்கு வெளியே நிற்கும் லாரியைக் காட்டலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. சரிபார்ப்பு இலக்கம், எண் சரியா என்று மட்டுமே சொல்லும். பெட்டியின் கதவு நசுங்கியிருக்கிறதா, சீல் உடைந்திருக்கிறதா, உள்ளே எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று அது சொல்லாது. என் அப்பாவைப் போன்ற ஒரு கண் அதைச் சொல்லும். இயந்திரத்துக்கு எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய முதல் பாடம் என்று நான் நினைக்கிறேன். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

நான் திருப்பி அனுப்பிய ஒருவர்

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னைத் தேடி வந்தார். டிரெய்லர் ஓட்டுநர். அவர் வேலை செய்த இடத்தில் எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போக முன்பதிவு, பெட்டியின் விவரம், எந்த வரிசையில் நிற்பது என்று எல்லாம் திரையில்தான் வரும், அதுவும் ஆங்கிலத்தில். தப்பான பொத்தானை அழுத்தி இரண்டு முறை முன்பதிவு போய்விட்டது. மூன்றாவது முறை ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"சார், வண்டி ஓட்ட எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம் சார். இருவது வருசம் ஓட்டிட்டேன். இந்தப் போன்ல வர்றதைப் படிக்கத்தான் பயமாக்கீது. ஏதாவது கோர்ஸ் இருந்தா சேத்துக்குங்க சார்" என்றார்.

நான் விதியைப் பார்த்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. "உங்களைச் சேர்க்க வழியில்லை" என்றேன். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அப்பாவின் கொக்கி நினைவுக்கு வந்தது. "உங்களுக்கு வேறு என்ன தெரியும்?" என்று நானும் கேட்கவில்லை.

ஓர் ஆண்டு கழித்து டோல்கேட் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். தயங்கிக்கொண்டே விசாரித்தேன். "வண்டிதான் சார் ஓட்டிக்கினு கீறேன்" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். போனில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஒரு பக்கம், அதன் பொருள் தமிழில் எதிர்ப்பக்கம். "இது சிவப்பா வந்தா அழுத்தாதே. இது வந்தா சூப்பர்வைசருக்குப் போன் பண்ணு" என்று குறிப்புகள். எல்லாம் ஒரு சிறுமியின் கையெழுத்து. எட்டாம் வகுப்புப் படித்த அவர் மகள் எழுதியது.

அந்தப் பெண்ணின் ஆசிரியை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்: "உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையில் வரும் பத்துச் சொற்களை எழுதி, பொருள் கேட்டு வாருங்கள்." அவ்வளவுதான். அந்தப் பத்துச் சொல் நூறு சொல்லாகி, ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது. விதியைக் காட்டி நான் மூடிய கதவை ஓர் ஆசிரியையின் வீட்டுப்பாடம் திறந்தது. நான் பார்த்த மறுபயிற்சிகளில் மிகச் சிறந்தது அதுதான்.

செலவை ஏற்பது யார்?

இதனால், எல்லாவற்றையும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிக்குப் போகும் நாளில் கூலி யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த மறுபயிற்சியும் நடக்காது.

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 1960-இல் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இயந்திரங்கள் வரலாம், ஆனால் பதிவுபெற்ற தொழிலாளர்களை அதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நிதிக்கு வர வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபர் முதல் நாள் அதே நாட்டின் கிழக்குக் கடற்கரைத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், கூலியோடு சேர்த்துத் தானியங்கி இயந்திரம் என்பது முக்கியமான கேள்வியாக இருந்தது. சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில், 25 வயது தாண்டிய குடிமக்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென 500 சிங்கப்பூர் டாலர் வரவு வைத்தார்கள். 2024-இல் 40 வயது தாண்டியவர்களுக்கு மேலும் 4,000 டாலர் கொடுத்தார்கள். நாற்பது வயதில் நான் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். அதே நாற்பது வயதில் அந்த நாடு கூடுதலாகக் கொடுக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு காட்சி உண்டு. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது. அங்கே யார்டு கிரேனின் மேல் யாரும் ஏறி உட்காருவதில்லை. அறைக்குள் திரையின் முன் அமர்ந்து இயக்குகிறார்கள். அப்படி இயக்குபவர்களில் அருகிலுள்ள மீனவ ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். என் அப்பா காலத்தில் ஹார்பர் வேலை என்றால் தோள் அகன்ற ஆண்களின் வேலை. வேலை மாறியபோது, அதுவரை வாசலுக்கு வெளியே நின்ற ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரேன் பயிற்சி சில மாதம்தான். அந்தப் பயிற்சிக்குள் நுழைய அவர்களுக்குப் பள்ளியும் கல்லூரியும் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தப் பதினைந்து ஆண்டு உங்கள் கையில் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு. புரிந்து படிப்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும்தான் எதிர்கால மறுபயிற்சியின் அடித்தளம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை விடை சொன்னதும், "சரி" என்று நாம் சொல்லிவிடாமல், "சரிதானா? எப்படித் தெரியும்?" என்று கேட்போம். தன் விடையைத் தானே சோதித்துப் பழகிய பிள்ளை, நாளை இயந்திரத்தின் விடையையும் சோதிக்கும்.

இரண்டாவது, உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு. தொழிற்பயிற்சி நிலையம் என்பது மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணத்தை நம் வாயால் வளர்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டு, தொழிலக ரோபோ, மின்வாகனம், நவீன சி.என்.சி. இயந்திரம் போன்ற பிரிவுகள் வந்துள்ளன. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், அரசுப் பள்ளியில் படித்து மேலே செல்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைக்கும் உதவும். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளை எட்டாம் வகுப்புத் தகுதியோடு சேரக்கூடிய பிரிவுகளும் உண்டு. அந்தப் பிள்ளையை லாரி கிளீனர் வேலைக்கு விடுவதற்கு முன் ஒருமுறை இதைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, பெற்றோருக்காக. தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இது பல தாய்மார்களுக்குத் தெரியாது. படிப்பை விட்ட அப்பாவோ அம்மாவோ எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத முடியும். எழுத்தே தெரியாதவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் மையங்கள் பள்ளிகளிலேயே நடக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

நான்காவது, அந்த வீட்டுப்பாடம். பத்துச் சொல். மீன் ஏலம் விடும் அம்மா, கிரேன் ஓட்டும் மாமா, பெட்டிக்கடை வைத்த தாத்தா, யாராக இருந்தாலும் சரி. பிள்ளை கேட்கட்டும், எழுதட்டும். இரண்டு நன்மை உண்டு. பிள்ளைக்குப் புதிய சொல் கிடைக்கும். வீட்டில் இருப்பவருக்கோ, தனக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டு எழுதிக்கொண்டார் என்ற நிறைவு கிடைக்கும். என் அப்பாவுக்குக் கிடைக்காமல் போன நிறைவு அது.

கடைசியாக ஒன்று. நான் படிக்கும் காலத்தில் என் வகுப்பு ஆசிரியர் ஒருவர், "ஹார்பர் பையன்தானே, அங்கேதான் போகப் போறே, இவ்வளவு போதும்" என்று என் நோட்டை மூடிக் கொடுத்தார். இன்னொரு ஆசிரியர் அதே நோட்டைத் திறந்து, விட்ட கணக்கை முடிக்க வைத்தார். நான் இங்கே நிற்பது இரண்டாமவரால். முதலாமவர் கெட்டவர் அல்லர். ஹார்பர் என்றும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். அவர் சொன்ன ஹார்பர் இன்று இல்லை.

இந்த ஊருக்கு முகத்துவாரம் என்று பெயர். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் வாய். மணல் தூர்ந்து அந்த வாய் அடைபட்டால் படகு வெளியே போக முடியாது, கடல் நீரும் உள்ளே வராது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை வாரினால் போதாது. கற்பதும் அப்படித்தான், பதினேழு வயதில் முடிந்துவிடுவதில்லை. நம் பிள்ளைகள் ஐம்பது வயதில் மறுபடியும் ஒரு பயிற்சிக் கூடத்தின் வாசலில் போய் நிற்க வேண்டி வரலாம். அன்று அவர்கள் "பயமாக்கீது" என்று திரும்பாமல் உள்ளே நுழைய வேண்டும். அதற்கான துணிவை இன்று உங்கள் வகுப்பறையில்தான் பெற முடியும்.

அப்பாவின் கொக்கி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பேரன் கேட்டான், "தாத்தா, இது எதுக்கு?" என்று. சொன்னேன். அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். அவனுடைய பத்துச் சொற்களில் அது முதல் சொல்.